செத்தும் கொடுத்த ஜெரமி பெந்தாம்

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பது நம் நாட்டுப் பழமொழி. கீழக்கரை வள்ளல் மறைந்த பின்னும், அவரை நம்பி வந்த புலவருக்கு அடக்கத்தலத்திலிருந்து கை நீண்டு மோதிரம் ஈந்தது என்று கதை சொல்வார்கள். நம்மவரைப் போலவே இங்கிலாந்திலும் ஒருவர் செத்தும் கொடுத்தார். அவர் மோதிரமும் கொடுத்தார். அதோடு நில்லாமல் தம் உடலையே கொடுத்தார். அவர்தாம் அறிஞர் ஜெரமி பெந்தாம்.

அரசியல் அறிவியல் படிக்கும் எங்களுக்குப் பெந்தாம் புதியவர் அல்லர். பயன்பாட்டுக் கொள்கையின் தந்தை என்று பாடநூலில் இரண்டு பக்கம் வருவார். பத்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதிவிட்டு அவரை மறந்துவிடுகிறோம். ஆனால், இறந்தவர் உடல் யாருக்குச் சொந்தம், அதை எடுத்துக்கொள்ள யாரிடம் கேட்க வேண்டும் என்ற கேள்வி உலக நாடுகளின் சட்டமன்றங்களில் எழுந்திருக்கும் இந்நாளில், அவருடைய வாழ்வும் சாவும் நமக்குக் கற்பிப்பவை அந்த இரண்டு பக்கத்தைவிட மிகுதி என்பது என் எண்ணம். ஆகவே அவர் வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொல்ல விழைகிறேன்.

பேய்க்கு அஞ்சிய பிள்ளை

1748-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் லண்டன் மாநகரில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பெந்தாம் பிறந்தார். மூன்று வயதிலேயே பெரிய வரலாற்று நூல்களைப் புரட்டினார். இலத்தீன் கற்கத் தொடங்கினார். ஏழு வயதில் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி. பன்னிரண்டு வயதில் ஆக்ஸ்போர்டின் குயின்ஸ் கல்லூரி. நாம் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ இருக்கும் வயதில் அவர் கல்லூரி மாணவர்!

அறிவில் முதிர்ந்த அந்தப் பிள்ளை உருவத்தில் சிறியவர், உடல் வலுவற்றவர், விளையாட்டில் நாட்டமில்லாதவர். வீட்டு வேலைக்காரர்கள் சொன்ன பேய்க் கதைகளைக் கேட்டு நடுங்கியவர். இந்த அச்சம் முதுமை வரையிலும் அவரை முழுதாக விட்டு விலகவில்லை. இருட்டுக்கும் ஆவிக்கும் அஞ்சிய அந்த மனிதர்தாம், பிற்காலத்தில் பிணம் என்றால் அஞ்ச வேண்டியதில்லை என்று உலகுக்கு எடுத்துக்காட்டப் போகிறார். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது.

மகன் நாட்டின் தலைமை நீதிப் பதவியில் அமர வேண்டும் என்பது தந்தையின் கனவு. 1769-இல் பெந்தாம் வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். ஆனால் நீதிமன்றத்தில் அவர் தொழில் நடத்தவே இல்லை. சட்டத்தை வைத்துப் பிழைப்பதைவிடச் சட்டத்தைத் திருத்துவதே தம் வேலை என்று கொண்டார். 1776-இல் பெயர் போடாமல் ஒரு சிறு நூலை வெளியிட்டு, தாம் ஆக்ஸ்போர்டில் பாடம் கேட்ட சட்டமேதை பிளாக்ஸ்டனையே கண்டித்தார். 1789-இல் அவருடைய தலையாய நூல் வெளிவந்தது. ஒரு சட்டம் நல்லதா தீயதா என்பதை அளக்க, அது எத்தனை பேருக்கு எவ்வளவு இன்பம் தருகிறது, எவ்வளவு துன்பம் தருகிறது என்று கணக்கிட வேண்டும் என்பது அவர் கொள்கை. பழமை என்பதற்காக எதையும் போற்றக் கூடாது; மிகப் பலருக்கு மிகுந்த நன்மை விளைகிறதா என்பதே உரைகல்.

அந்த உரைகல்லில் அவர் தேய்த்துப் பார்க்காத பொருளே இல்லை. கொடிய தண்டனைகளை எதிர்த்தார். அடிமை முறையைக் கண்டித்தார். விலங்குகளும் வலியை உணர்வன, ஆகையால் அவற்றுக்கும் சட்டம் இரங்க வேண்டும் என்றார். நடுவிலிருந்து ஒரே காவலன் எல்லாரையும் காணத்தக்க வட்ட வடிவச் சிறையொன்றைத் திட்டமிட்டு இருபது ஆண்டுகள் அரசோடு போராடினார். சிறை எழவில்லை, 1813-இல் 23,000 பவுன் இழப்பீடு மட்டும் கிடைத்தது. புரட்சி நடந்த பிரான்சு 1792-இல் அவருக்குக் குடியுரிமை வழங்கிச் சிறப்பித்தது. நாளும் பல பக்கம் எழுதினார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துத் தாள்கள் 60,000-க்கும் மேல். திருமணம் செய்துகொள்ளவில்லை. கைத்தடிக்கும் தேநீர்க் குடுவைக்கும் செல்லப் பெயர் சூட்டி, வளர்த்த பூனைக்குப் பட்டங்கள் வழங்கி மகிழ்ந்த விந்தை மனிதர் அவர்.

இருபத்தொரு வயதில் ஒரு உயில்

வழக்கறிஞரான அதே 1769-இல், தமது இருபத்தொன்றாம் வயதில், பெந்தாம் ஓர் உயில் எழுதினார். தாம் இறந்தபின் தம் உடலை மருத்துவ நண்பர் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதை அறுத்து ஆராய்ந்து, தம் சாவினால் மனித குலத்துக்குச் சிறு நன்மையாவது விளையச் செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து.

இன்று இதைக் கேட்டால் பாராட்டுவோம். அன்று கேட்டவர்களுக்கு உடல் கூசியிருக்கும். ஏன்? 1752-இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த கொலைச் சட்டம், தூக்கிலிடப்பட்ட கொலைகாரரின் உடலைப் புதைக்கக் கூடாது என்றது. ஒன்று, சங்கிலியில் கட்டித் தொங்கவிட வேண்டும்; அல்லது மருத்துவர்களிடம் அறுக்கக் கொடுக்க வேண்டும். சாவுக்கு மேலும் ஓர் இழிவு சேர்க்கவே அப்படிச் செய்தார்கள். ஆகவே உடலை அறுப்பது என்பது மக்கள் கண்ணில் கல்வியன்று, தண்டனை. கொலைகாரனுக்கு விதித்த இழிவைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார் பெந்தாம் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

மருத்துவக் கல்வியோ வளர்ந்துகொண்டே இருந்தது. மாணவர் பெருகினர், தூக்கிலிடப்பட்டோர் உடல்கள் போதவில்லை. கிடைக்காத பொருளுக்குக் கள்ளச் சந்தை தோன்றுவது இயல்பு. கல்லறைத் திருடர்கள் தோன்றினர். புதைத்த அன்றிரவே மண்ணைத் தோண்டி உடலைக் கிளப்பி மருத்துவப் பள்ளிகளுக்கு விற்றனர். சட்டத்தின் கண்ணில் பிணம் எவருடைய உடைமையும் அன்று. எனவே பிணத்தைத் திருடினால் சிறு குற்றம். அதன்மேல் போர்த்திய துணியைத் திருடினால் பெருங்குற்றம். ஆகையால் திருடர்கள் துணியைக் குழியிலேயே போட்டுவிட்டு உடலை மட்டும் எடுத்துச் சென்றார்களாம்! செல்வர்கள் கல்லறைமேல் இரும்புக் கூண்டு அமைத்தனர். ஏழைகள் இரவெல்லாம் விழித்துக் காவல் இருந்தனர்.

1828-இல் எடின்பரோ நகரில் கொடுமை எல்லை கடந்தது. பர்க், ஹேர் என்ற இருவர் பிணத்துக்காகக் காத்திருக்காமல் உயிரோடு இருந்தவர்களையே கொன்று விற்றனர். பதினாறு பேர் மாண்டனர். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பினான். பர்க் 1829 ஜனவரி 28-இல் தூக்கிலிடப்பட்டு, அவன் உடலும் அறுக்கப்பட்டது. 1831-இல் லண்டனிலும் இதே முறையில் கொலைகள் நடந்தன. அதே ஆண்டு டிசம்பரில் அபர்டீன் நகரில், உடற்கூறுப் பள்ளியின் பின்புறம் மனித உடலின் மிச்சங்கள் கிடந்ததைக் கண்ட மக்கள் அந்தக் கட்டடத்தையே தீயிட்டுக் கொளுத்தினர்.

நல்ல நோக்கமும் தவறிய வழியும்

இந்தத் தீமைக்குப் பெந்தாமும் அவருடைய அன்பர்களும் மருந்து தேடினர். பெந்தாம் நிறுவிய வெஸ்ட்மின்ஸ்டர் ரெவ்யூ இதழில் 1824-இல் அவர் நண்பரும் மருத்துவருமான சௌத்வுட் ஸ்மித், இறந்தோரால் இருப்போர்க்கு விளையும் பயனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1826-இல் பெந்தாம் ஒரு சட்ட வரைவையே எழுதி உள்துறை அமைச்சர் பீலுக்கு அனுப்பினார். அவர் கொள்கையில் ஈடுபாடு கொண்ட வார்பர்ட்டன் என்ற உறுப்பினர் 1828-இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அவர் கொண்டுவந்த முதல் மசோதா 1829-இல் பிரபுக்கள் சபையில் தோற்றது. லண்டன் கொலைகளுக்குப் பிறகு மீண்டும் ஒரு மசோதா வந்தது.

இதுதான் அவர்கள் கணக்கு: யாரும் கேட்டு வராத உடல்கள் மருத்துவமனைகளிலும் ஏழையர் விடுதிகளிலும் உள்ளன. அவற்றை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுத்தால் எவருக்கும் துன்பம் இல்லை, எல்லாருக்கும் நன்மை. பயன்பாட்டுக் கொள்கைப்படி இக்கணக்கு பிழையற்றது. ஆனால் கணக்கில் சேராத ஒன்று இருந்தது. அதுதான் ஏழையின் மனம்.

அக்காலத்தில் ஆசியாவிலிருந்து பரவிய காலரா இங்கிலாந்தில் நுழைந்தது. 1832 மே 29-இலிருந்து ஜூன் 10 வரை லிவர்பூல் நகரத் தெருக்களில் எட்டுமுறை கலகம் மூண்டது. நோயாளிகளை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வது குணப்படுத்த அன்று, கொன்று அறுத்துப் பார்க்கவே என்று மக்கள் நம்பினர். நோயாளியை ஏற்றிச் சென்றவர்களையும் மருத்துவர்களையும் தாக்கினர்.

அந்தக் கலகம் நடந்துகொண்டிருந்த நாள்களில்தான், 1832 ஜூன் 6-ஆம் நாள், எண்பத்து நான்கு வயது நிரம்பிய பெந்தாம் லண்டனில் கண் மூடினார். அவர் வாழ்நாளெல்லாம் விரும்பிய நாடாளுமன்றச் சீர்திருத்தச் சட்டம் மறுநாளே மன்னரின் ஒப்புதலைப் பெற்றது. இறப்பதற்கு ஒரு வாரம் முன்னர்க்கூட அவர் தம் உயிலை மீண்டும் உறுதி செய்திருந்தார்.

ஜூன் 9-ஆம் நாள். வெப் தெருவிலிருந்த உடற்கூறுப் பள்ளி. நண்பர்களும் மாணவர்களும் கூடியிருந்தனர். வெளியே இடியும் மின்னலுமாகப் புயல். நடுவில் மேசைமேல் பெந்தாம். அருகில் நின்ற சௌத்வுட் ஸ்மித், வெளிறிய முகத்தோடு ஆனால் உறுதியான குரலில், தம் ஆசானின் வாழ்வைப் பற்றியும் உடற்கூற்றின் பயனைப் பற்றியும் உரையாற்றிவிட்டு, அந்த உடலை அறுத்து விளக்கினார். நண்பரை அறுக்க வேண்டியிருந்த அந்தக் கைகள் என்ன பாடுபட்டிருக்கும்! பின்னர் உயிலின்படி எலும்புக்கூட்டுக்குப் பெந்தாமின் உடையே அணிவித்து, வைக்கோல் திணித்து, மெழுகால் தலை செய்து, நாற்காலியில் அமர்த்தினர். தம் தலைமயிர் வைத்த இருபத்தாறு மோதிரங்களை நண்பர்களுக்கு வழங்கவும் அவர் ஏற்பாடு செய்திருந்தார். 1850-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி அந்த உருவத்தைப் பெற்றுக்கொண்டது. 2020 முதல் அக்கல்லூரியின் மாணவர் மையத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருந்து அவர் மாணவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மௌனம் சம்மதமா?

பெந்தாம் மறைந்து இரண்டு மாதம் நிறையும் முன்பே, 1832 ஆகஸ்டு 1-ஆம் நாள் உடற்கூறுச் சட்டம் நிறைவேறியது. கொலைகாரரை அறுக்கும் தண்டனை ஒழிந்தது. கல்லறைத் திருட்டும் விரைவில் ஓய்ந்தது. இவை அச்சட்டத்தின் நன்மைகள். ஆனால் உடல் சட்டப்படி யார் பொறுப்பில் உள்ளதோ அவரே அதை மருத்துவப் பள்ளிக்கு அனுப்பலாம் என்றது அச்சட்டம். இறந்தவர் தம் வாழ்நாளில் எழுத்தாலோ, இறுதி நோயின்போது இரண்டு சாட்சிகள் முன் வாய்மொழியாலோ மறுத்திருந்தாலும், நெருங்கிய உறவினர் தடை சொன்னாலும் அனுப்பக் கூடாது. அதாவது, மறுக்காதவர் எல்லாரும் இசைந்தவர்! மௌனம் சம்மதம் என்பதைச் சட்டமாக்கினார்கள்.

எழுதத் தெரியாத ஏழைக்கு எழுத்தால் மறுப்பது எப்படி? நாதியற்றுக் கிடப்பவனுக்குச் சாட்சி இருவர் யார்? அவனைப் பொறுப்பில் வைத்திருந்தவர் ஏழையர் விடுதியின் தலைவர்தானே! பேச வாயற்றவனின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டது அச்சட்டம். காபெட் போன்றோர் இதைக் கடுமையாகக் கண்டித்தனர். கொலைகாரனுக்கு இருந்த தண்டனை இப்போது ஏழ்மைக்கு வந்துவிட்டது என்று மக்கள் கருதினர். இரண்டாண்டு கழித்து 1834-இல் வந்த புதிய ஏழையர் சட்டத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் சாட்விக். பெந்தாமின் இறுதிக் காலத்தில் அவருக்கு உதவியாளராக இருந்தவர். அச்சட்டம் ஏழைகளை விடுதிக்குள் தள்ளியது. விடுதியில் செத்தால் அறுப்பார்கள் என்ற நடுக்கம் பல தலைமுறை நீடித்தது. வயிற்றைக் கட்டியாவது ஈமச்சடங்குச் சங்கத்துக்கு வாரந்தோறும் காசு கட்டினார்கள்.

முதல் நூறு ஆண்டுகளில் லண்டன் பள்ளிகளில் அறுக்கப்பட்ட உடல்கள் ஏறத்தாழ 57,000. அவற்றுள் ஏழையர் நிலையங்களுக்கு வெளியிலிருந்து வந்தவை அரை விழுக்காடுகூட இல்லை. பெந்தாம் தாமே முன்வந்து கொடுத்தார். அவரைப் பின்பற்றியவர் மிகச் சிலர். அவர் காட்டிய வழி கொடை. சட்டம் எடுத்த வழி கைப்பற்றல். இரண்டிலும் உடல் ஒன்றே. ஆனால் ஒன்றில் பெருமை இருக்கிறது, மற்றொன்றில் அச்சம் இருக்கிறது.

இன்றைய உலகுக்கு ஒரு பாடம்

இறந்தவர் உடல் இன்று பாடம் படிக்க மட்டும் பயன்படவில்லை. கண்ணும் சிறுநீரகமும் கல்லீரலும் இதயமும் பிறரை வாழவைக்கின்றன. அதனால் பழைய கேள்வி புதிய உருவில் வந்திருக்கிறது. வேண்டாம் என்று பதிவு செய்யாதவர் எல்லாரையும் கொடையாளர் என்று கொள்ளலாமா?

பிரேசில் நாடு 1997-இல் அப்படி ஒரு சட்டம் இயற்றியது. மறுப்பவர் தம் அடையாள அட்டையில் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனைகளை நம்பாத ஏழை மக்கள் கலங்கினர், மருத்துவர்களே எதிர்த்தனர். அடுத்த ஆண்டே அரசு பின்வாங்கிற்று. 2001-இல் சட்டமே மாறிற்று. ஸ்பெயின் நாட்டிலும் 1979 முதல் இத்தகைய சட்டம் உண்டு. ஆனால் அங்கே நடைமுறையில் குடும்பத்தாரைக் கேட்காமல் எதுவும் எடுப்பதில்லை. 1989-இல் ஒரு தேசிய அமைப்பை ஏற்படுத்தி, மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்தினர். அந்நாடு உலகில் முன்னணிக்கு வந்தது அதன் பிறகுதான். வெற்றிக்குக் காரணம் சட்டமன்று, அந்த ஏற்பாடே என்று அதை நடத்தியவர்களே கூறியுள்ளனர்.

பெந்தாம் பிறந்த நாட்டிலும் வேல்சில் 2015 முதலும், இங்கிலாந்தில் 2020 முதலும் மறுக்காதவர் இசைந்தவர் என்ற சட்டம் உறுப்புக் கொடைக்கு வந்துள்ளது. ஆயினும் குடும்பத்தாரின் இசைவு எதிர்பார்த்தபடி உயரவில்லை. முன்னதாக லிவர்பூலின் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோர் அறியாமல் எடுத்து வைத்திருந்தது 1999-இல் வெளியாகி நாடே கொதித்தது. 1832-இல் கலகம் நடந்த அதே நகரம்! நம்பிக்கை என்பது கண்ணாடிப் பாத்திரம். ஒருமுறை விழுந்தால் ஒட்டுவது அரிது.

நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டுப் பெறும் வழியையே மேற்கொண்டது. இது மெதுவான வழி என்பார் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் பாட்டி காலமானபோது கண்களைக் கொடுக்கலாம் என்று அப்பா சொன்னார். முகம் விகாரமாகிவிடும், அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பாள் என்று அத்தை அழுதார். கண் வங்கியிலிருந்து வந்த ஊழியர் அவசரப்படுத்தவில்லை. திண்ணையில் அமர்ந்து, கால் மணி நேர வேலைதான், முகம் மாறாது என்று அத்தைக்கு விளங்கச் சொன்னார். வேண்டாம் என்றால் திரும்பிப் போய்விடுவேன் என்றும் சொன்னார். அந்தக் கடைசிச் சொல்தான் அத்தையின் மனத்தைத் திறந்தது. மறுக்க உரிமை உண்டு என்று அறிந்தவளே மகிழ்ந்து கொடுக்கிறாள். சட்டம் சொல்லி எடுத்திருந்தால், எங்கள் தெருவில் இன்னொரு வீடு கதவைச் சாத்தியிருக்கும்.

உறுப்புக் கொடையாளரின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என்று தமிழக அரசு 2023-இல் அறிவித்தது. அன்று இங்கிலாந்தில் உடலை அறுப்பது கொலைகாரனுக்குரிய இழிவு. இன்று இங்கே உடலைக் கொடுப்பது வீரருக்குரிய சிறப்பு. இந்த மாற்றத்தைக் காணப் பெந்தாம் இருந்திருந்தால் உள்ளம் பூரித்திருப்பார்.

பெந்தாமின் கணக்கில் குறை உண்டு. அவருடைய செயலில் குறையில்லை என்பதே என் முடிவு. பிறர் உடலைப் பற்றிச் சட்டம் எழுதுமுன் தம் உடலை எழுதிவைத்தவர் அவர். மாணவ நண்பர்களே, கொடுக்க விரும்புவோர் அதை இன்றே வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விரும்பாதோரும் சொல்லுங்கள்; அதுவும் உரிமையே. நம் மௌனத்துக்குப் பிறர் பொருள் எழுதும்படி விட்டுச் செல்ல வேண்டாம்.